சத்தம் போடுகிற சோறு

எனக்கு மூக்கு போன விஷயம் எனக்கே ஒன்றரை மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கண் போனால் இருட்டு வந்து சொல்லிவிடும். காது போனால் எதிரே நிற்பவர்களின் வாயசைவு சொல்லிவிடும். மூக்கு போனால் ஒன்றும் வந்து சொல்வதில்லை. அது பாட்டுக்கு முகத்தின் நடுவில் இருக்கும். மூக்குத்திகூட மின்னும்.

இத்தனைக்கும் நான் வேதியியல் படித்தவள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயை எட்டப் பிடித்து, கையால் காற்றை விசிறி மோந்து பார்த்து, "அழுகின முட்டை, சல்பைடு!" என்று மற்றவர்களுக்கு முன்னால் கத்துகிற ஆள். அப்படிப்பட்ட மூக்கு, கல்யாணமாகி ராஜபாளையம் வந்த மறு வருடம், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஐப்பசி மழையோடு வந்த ஒரு காய்ச்சலில் போய்விட்டது. தெருவே அந்தக் காய்ச்சலில் படுத்து எழுந்தது. எல்லோருக்கும் சளியும் இருமலும் வந்து போயின. எனக்கும் போயின. போகும்போது இதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டன.

அப்போது எனக்கு இரண்டு மாதம். குழப்பமெல்லாம் அங்கே தொடங்கியதுதான். மாசமாக இருக்கிறவள் சோற்றைத் தள்ளி வைத்தால் எங்கள் பக்கத்தில் டாக்டரைத் தேட மாட்டார்கள். நார்த்தங்காய் ஊறுகாயைத் தேடுவார்கள். என் மாமியாரும் அதைத்தான் தேடினார். அத்தை என்று நான் கூப்பிடும் அவருக்கு என் கணவர் ஒரே பிள்ளை. எனவே வீட்டில் வரப்போகிற முதல் பேரப்பிள்ளைக்காக ஊறுகாய் ஜாடிகள் வரிசை கட்டின.

"ருசியே இல்ல அத்தை. பேப்பரை மெல்லுற மாதிரி இருக்கு."

"இவனை உண்டாயிருக்கும்போது எனக்குப் பச்சத் தண்ணியே கசந்துச்சு. நாலாம் மாசம் சரியாப் போகும். இப்ப ரெண்டு வாய் தின்னுட்டி."

தின்றேன். உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. சாம்பாரும் ரசமும் ஒன்றுதான், ஒன்று கொஞ்சம் கெட்டி. மசக்கை என்று எல்லோரும் சொன்னார்கள், மசக்கை என்று நானும் நம்பினேன். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை என்பது பட்டதாரிக்கு உறைக்கவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் தெலுங்கு பேசுகிற குடும்பம்; பெண்ணை 'அம்மாயி' என்பார்கள். அந்த வீட்டு அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்தபோது நான் கிணற்றடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ஏமி அம்மாயி! ரெண்டு மாசத்துல மீனை ஆயிற? எனக்கெல்லாம் கடுகு வெடிச்சாலே கொல்லைக்கு ஓடணும். குடுத்து வச்சவ நீ!"

குடுத்து வச்சவள்தான் போல என்று நானும் செதிலைச் சுரண்டிக்கொண்டே சிரித்தேன்.

உண்மை வெளியே வந்தது கார்த்திகையில். அந்த மாதம் அத்தை விளக்குக்கென்று தனியாக எண்ணெய் கலந்து வைப்பார்: நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய். சமையல் எண்ணெயும் அதே மாதிரி பாட்டில்தான், அதே அலமாரிதான், ஒரு தட்டு கீழே. எது எது என்று யாரும் எழுதி ஒட்டியதில்லை. மூடியைத் திறந்தாலே வேப்பெண்ணெய் தன் பெயரைத் தானே சொல்லிவிடுமே!

அன்றைக்கு அத்தை கோவிலுக்குப் போயிருந்தார். என் கணவர் நூல் மில்லில் ஃபிட்டர். பகல் ஷிப்டு முடிந்து கூட்டாளிகள் மூன்று பேரோடு வந்தார். கரண்ட் இல்லை. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் நான் அவசர அவசரமாகக் குழிப்பணியாரம் ஊற்றினேன். குழிக்கு ஒரு கரண்டி எண்ணெய், தாராளமாக. தட்டில் அடுக்கிக் கொடுத்தேன். மூன்று பேரும் ஆளுக்கு ஒன்றை வாயில் போட்டார்கள். பேச்சு நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தார்கள்.

"எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றேன்.

மூவரில் மூத்தவர் விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நல்லா... பக்தியா இருக்கும்மா."

இன்னும் இரண்டிரண்டு வைத்தேன். அதையும் தின்றார்கள். என் கணவர் மட்டும் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் என்னையே பார்த்தார். அந்த நேரம் அத்தை வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சத்தம் போட்டார்.

"ஏட்டி, சாமி விளக்கு மலையேறிருச்சா? தெரு வரைக்கும் திரி கருகுது!"

சாமி விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. அத்தை மூக்கைச் சுளித்துக்கொண்டே அடுக்களைக்கு வந்தார். பாட்டிலை எடுத்தார். தட்டுகளைப் பார்த்தார். கடைசியில் அந்த மூன்று பேரையும் பார்த்தார்.

"ஏலே, இதை எப்படிலே தின்னீக?"

"மாசமா இருக்கிற புள்ள தட்டை நீட்டுது. வேண்டாம்னு சொன்னா வயித்துப் பிள்ளைக்கு ஆகாதும்பாகல்ல. அதான் முழுங்கிட்டோம் சித்தி."

"எம்புட்டு முழுங்குனீக?"

"ஆளுக்கு ஆறு."

மறுநாள் மூவரும் வேலைக்குப் போகவில்லை. அதை இங்கே விவரிக்க வேண்டாம். இன்றைக்கும் எங்காவது பார்த்தால், "தங்கச்சி, எண்ணெய் மாத்தியாச்சா?" என்றுதான் நலம் விசாரிப்பார்கள். அந்தப் பதினெட்டுப் பணியாரத்துக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். அவர்கள் முகத்தைச் சுளித்துத் துப்பியிருந்தால் எண்ணெய் மாறிப்போச்சு என்று சிரித்துவிட்டு விட்டிருப்போம். ஆளுக்கு ஆறு ஆகும்வரை நான் அந்த எண்ணெய்ப் புகையிலேயே நின்று ஊற்றியதால்தான் அத்தைக்குச் சந்தேகம் என் பக்கம் திரும்பியது.

"அடுப்புக்கு முன்னாடி நின்னவ நீ. உனக்கு எப்படிட்டி தெரியாமப் போச்சு?"

பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டார்கள். அக்கா என் கண்ணைத் துண்டால் கட்டி முற்றத்தில் உட்கார வைத்தார். நான் காத்திருந்தேன். காலடிச் சத்தம் வந்தது, போனது, மறுபடி வந்தது.

"என்னக்கா, துண்டைக் கட்டிட்டுச் சும்மா இருந்தா எப்படி? எதையாச்சும் காட்டுங்க."

"காட்டிக்கிட்டுத்தான அம்மாயி இருக்கேன்."

பெருங்காயம் முடிந்திருந்தது. காப்பித்தூள் முடிந்திருந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியும் கருவாடும் முடிந்திருந்தன. கடைசியாகக் கற்பூரத்தை மூக்குக்கு ஒட்டிப் பிடித்தார்.

"ஜில்லுனு இருக்கு" என்றேன்.

"குளிர் சொல்லாத. வாசன சொல்லு."

சொல்வதற்கு ஒன்றும் இல்லை. துண்டை அவிழ்த்தபோது அத்தை தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இம்புட்டு நாளும் இந்தப் புள்ள வாசமில்லாத சோத்தையா தின்னுச்சு" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார் கணவர். டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, காய்ச்சலில் நரம்பு கெட்டிருக்கலாம் என்றார். வரலாம், வராமலும் இருக்கலாம். வயிற்றில் பிள்ளை இருப்பதால் மருந்து கொடுக்கத் தயங்கினார். காத்திருக்கச் சொன்னார். எதையும் காத்திருந்து பழக்கமில்லாத ஆள் நான்.

திரும்பி வருகிற பஸ் ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் வரும். அது நான் பிறந்த ஊர். என் அப்பா பால்கோவா போடுகிறவர். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை, கொட்டகையில் முந்திரி ஓட்டைப் போட்டு எரிக்கும் அடுப்புகள். அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். பால் சுண்டுகிற வாசனையில்தான் வளர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் என் தாவணியிலேயே அது வீசும். அந்த ஊர்க்காரர்கள் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தாலும் இறங்க வேண்டிய இடத்தில் மூக்கு எழுப்பிவிடும். அன்றைக்கு நான் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தேர் நிற்கிற இடம் வந்தது. கோபுரம் தெரிந்தது. காற்று வந்தது, வெறும் காற்று.

என் கணவர் அதிகம் பேசாதவர். என் பக்கம் திரும்பினார். அப்புறம் ரேடியோவில் கிரிக்கெட் சொல்கிறவர்களைப் போலத் தாழ்ந்த குரலில் தொடங்கினார்.

"இப்ப பால் காயுது. உங்க அப்பா கடைப் பக்கமாத்தான் இருக்கும். முந்திரி ஓட்டுப் புகை கொஞ்சம் கலந்து வருது. இப்ப மல்லியப்பூ, பூக்கடை. இந்தா, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. இனிமே சொல்ல மாட்டேன்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூக்கு ஒழுகியது. அந்த வேலையை மட்டும் அது விடவே இல்லை!

அந்த மார்கழி எனக்கு மோசமான மாதம். மழை பெய்தால் மண் இல்லை. அவர் சட்டையில் பஞ்சும் மிஷின் எண்ணெயும் இல்லை. எல்லோரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று வாழ்கிற மாதிரி இருந்தது. அதைவிடக் கொடுமை, என் மீதே எனக்குச் சந்தேகம். வேர்வை நாற்றம் வீசுகிறதோ என்று மூன்று வேளை குளித்தேன். கழுத்தெல்லாம் பவுடர் அப்பினேன். யாராவது முகத்தைத் திருப்பினால் என்னால்தான் என்று ஒதுங்கி நின்றேன். அக்காவிடம் ஒருநாள் அதைச் சொல்லிவிட்டேன்.

"நாத்தம் அடிச்சா நான் சொல்றேன் அம்மாயி. நான் சொல்லாத வரைக்கும் நீ மல்லியப்பூ. பவுடரைக் குறை, சுண்ணாம்பு அடிச்ச சுவரு மாதிரி இருக்க."

அன்றிலிருந்து குளியல் ஒன்றாகக் குறைந்தது. அக்கா தனக்கு ஒரு வேலையையும் ஏற்படுத்திக்கொண்டார். எங்கள் வீட்டில் அப்போதுதான் புதிதாக கேஸ் அடுப்பு வந்திருந்தது. காலையில் அத்தை பால் வாங்கப் போயிருப்பார். நான் தீக்குச்சியை எடுத்துக்கொண்டு நிற்பேன். அக்கா மதிலோரம் வந்து எங்கள் அடுக்களை ஜன்னலுக்கு நேரே மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "கொளுத்து!" என்பார். அதற்கு அப்புறம்தான் குச்சியை உரசலாம். தெருவில் போகிறவர்கள் ஏதோ சண்டை என்று நினைத்து நின்று பார்ப்பார்கள். ஒருநாள் காலை, "கொளுத்தாத! கொளுத்தாத!" என்று கத்தல் வந்தது. அடுப்பின் திருகு பாதி திறந்து கிடந்தது. அத்தை போன பிறகு துடைக்கும்போது என் கைதான் பட்டிருக்க வேண்டும். குச்சியை ஜன்னல் வழியே எறிந்துவிட்டு வெளியே ஓடினேன். மறுநாளும் அதே நேரத்துக்கு அக்கா மதிலோரம் வந்தார். அவருக்கே சளி பிடித்த வாரத்தில், "என் மூக்கு லீவு" என்று அறிவித்துவிட்டு, எங்களை மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சமைக்க வைத்தார்.

"உங்க நாயை அனுப்புங்கக்கா, அதுக்கு மூக்கு இருக்குமே" என்றேன் ஒருநாள். அவர்கள் வீட்டில் ஒரு வெள்ளை ராஜபாளையம் நாய் உண்டு.

"அது ஓடுறதைக் கண்ணால பார்த்துத் துரத்துற நாயி. உனக்கும் அதுக்கும் கண்ணுதான் மூக்கு."

தை மாதம் ஐந்தாம் மாதப் பரிசோதனை. லேடி டாக்டர் என்னை எடைபோட்டுப் பார்த்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பழைய எடையையும் பார்த்துவிட்டு அத்தையை உள்ளே கூப்பிட்டார்.

"எடை கூடவே இல்லை, குறைஞ்சிருக்கு. பிள்ளை வளர்ச்சி பத்தலை. டானிக்குல பிள்ளை வளராதும்மா. இந்தப் பொண்ணு சாப்பிடணும்."

எவ்வளவு எளிமையான வார்த்தை! சாப்பிடணும். வாசம் இல்லாத சோற்றை நாலு வாய்க்கு மேல் தொண்டை ஏற்காது. பசி வரும், தட்டைப் பார்த்ததும் போய்விடும். பசி என்பதும் மூக்கு வழியாகத்தான் உள்ளே போய் வயிற்றை எழுப்புகிறது போல. ரிக்ஷாவில் ஏறினோம். நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குள் இருந்த ஆய்வுக்கூடக்காரி எழுந்தாள். போனது போகட்டும், மிச்சம் என்ன இருக்கிறது? நாக்குக்கு உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு தெரியும். மிளகாய் எரியும். சூடு தெரியும், குளிர் தெரியும். பல்லுக்கு மொறுமொறுப்பு தெரியும். காதுக்கு அந்தச் சத்தம் கேட்கும். அத்தையிடம் சொன்னேன். அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்போ குழைஞ்ச சோறு உனக்கு ஆகாது. சத்தம் போடுற சோறு வேணும். அதான?"

அதேதான். அத்தையின் சமையல் அன்றைக்கே மாறியது. தயிர்ச்சோற்றில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, நொறுங்கல் நமுத்துப்போகும் முன் தின்னச் சொல்லி விரட்டுவார். புளிச்சோற்றில் வறுத்த கடலை கைகையாக விழுந்தது. கொதிக்கக் கொதிக்க ஒரு வாய் ரசம், உடனே பானைத் தண்ணீரில் வைத்த மோர் ஒரு வாய். மோர் மிளகாய் பல்லில் உடையும். மாசியில் ராஜபாளையத்துச் சப்பட்டை ரக மாங்காய்ப் பிஞ்சு வந்துவிட்டது. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு நறுக் நறுக்கென்று கடித்தேன். வாயை மூடிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி வளர்த்த அப்பாவின் மகள், தெருவுக்குக் கேட்கிற மாதிரி மென்றேன். ஷிப்டு முடிந்து வந்தால் கணவர் எதிரே உட்கார்ந்து வர்ணனையைத் தொடங்குவார். "கடுகு வெடிக்குது, கருவேப்பிலை விழுந்தாச்சு. அம்மா பூண்டு தட்டிப் போடுறா, அடேயப்பா!" அவர் முகத்தில் ஊறுகிற ஆசையைப் பார்த்து எனக்கு எச்சில் ஊறும். கடன் வாங்கிய பசிதான், ஆனாலும் பசி. நாலு வாய் பத்தானது. பத்து வாய் ஒரு தட்டானது.

பங்குனியில் ஏழாம் மாதம் வளைகாப்பு. அது முடிந்ததும் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். "தாயில்லாத பொண்ணுன்னாலும் தலைப்பிரசவம் எங்க வீட்லதான்" என்று அப்பா வந்து நின்றார். அத்தை மறுக்க முடியாது, முறை அது. ஆனால் அத்தைக்கு முகமே சரியில்லை. வெயில் காலம், காலையில் வடித்தது மாலையில் ஊசிப்போகும். கொட்டகையில் பொழுதெல்லாம் நெருப்பு. அங்கே மதிலோரம் வந்து "கொளுத்து" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? கார் வந்து நின்றபோது அத்தை தன் சேலை நாலைந்தை ஒரு பையில் திணித்துக்கொண்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு நாள் இருந்துட்டு வாரேன்" என்றார்.

சம்பந்தி வீட்டில் போய்த் தங்குவதா! ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே பத்துத் தரம் கூப்பிட வேண்டிய உறவு அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்தது. அத்தை யாரையும் பார்க்கவில்லை. நேராக அடுக்களைக்குப் போய் ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து மோந்து பார்த்தார். இரண்டு நாள் பிரசவம் வரைக்கும் நீண்டது. ராஜபாளையத்தில் கணவருக்கு அக்கா சோறு போட்டார்.

அப்பாவும் அத்தையும் நேருக்கு நேர் பேச மாட்டார்கள். சம்பந்திகள் அப்படித்தான். நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன்.

"அவியகிட்டச் சொல்லும்மா, அதிகமா உறைப்பு குடுத்தா பிள்ளைக்குச் சூடு" என்பார் அப்பா.

"உங்க அப்பாகிட்டச் சொல்லுட்டி, உறைப்பு இல்லாட்டா இவ திங்க மாட்டா, அப்புறம் சூடாக ஒரு பிள்ளையும் இருக்காதுன்னு."

இரண்டு பேருக்கும் இடையே நாலடி தூரம்கூட இருக்காது.

வந்த அன்றைக்கு அப்பா இறக்கின சூட்டோடு பால்கோவாவை இலையில் வைத்து எடுத்து வந்தார். என் வாயருகே கொண்டு வராமல் மூக்கருகே பிடித்தார். ஆவி என் மேலுதட்டில் பட்டது.

"வருதாம்மா?"

"இல்லப்பா."

நாக்கில் வைத்தேன். சர்க்கரை, அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து என்னைச் சுற்றி இருந்தது வெறும் இனிப்புச் சாந்தாக நாக்கில் கிடந்தது. அப்பா இலையை மடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தார். சட்டியின் ஓரத்தில் ஒட்டிக் காய்ந்து, பழுப்பாகி, சுரண்டினால் உதிர்கிற பகுதி அது. கடைக்குப் போகாது, வேலை செய்கிறவர்கள் வாயில் போட்டுக்கொள்வார்கள்.

"இதை மோந்து பார்க்க வேண்டாம். மென்னு பாரு."

மென்றேன். முதலில் மொறுமொறுப்பு, பிறகு மணல் மணலாக உடைந்தது, பிறகு ரப்பர் மாதிரி பல்லோடு இழுத்துக்கொண்டு போனது. ஒரே கடியில் மூன்று விதம்! இன்னொன்று எடுத்தேன். கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தேன். அப்பா வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தினமும் எனக்கென்று ஒரு சட்டியைக் கொஞ்சம் கூடுதல் நேரம் அடுப்பில் விட்டார். அந்தச் சட்டிப் பால் விற்பனைக்கு ஆகாது. கொட்டகையில் கிண்டுகிறவர் வந்து, "அண்ணாச்சி, அடி பிடிக்குது!" என்று பதறுவார். "பிடிக்கட்டும்லே, பிடிக்கத்தான் வச்சிருக்கேன்" என்பார் அப்பா. அத்தை, "அடிப்பிடிச்சதைத் தின்னா கறுத்த பிள்ளை பிறக்கும்னு உங்க அப்பாகிட்டச் சொல்லு" என்றார். அடுத்த நாள் அவரே கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் பார்க்காதபோது ஒரு துண்டைத் தன் வாயிலும் போட்டுக்கொண்டார்.

சித்திரை கடைசியில் உள்ளூர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கிருந்த டாக்டரம்மா வயிற்றை அளந்தார், குழாயை வைத்துக் கேட்டார். பழைய சீட்டைப் பார்த்துவிட்டு மறுபடியும் அளந்தார்.

"என்னம்மா சாப்பிட்ட?"

"அப்பளம், கடலை, மாங்காய், சட்டி சுரண்டல்."

"நான் சொன்னதா யாருகிட்டயும் சொல்லிராத. ஆனா அதையே சாப்பிடு. பிள்ளை பிடிச்சுக்கிச்சு."

வெளியே பெஞ்சில் ஒரு கோடியில் அப்பாவும் மறுகோடியில் அத்தையும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னதும் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஆளுக்கொரு கோவிலுக்கு நேர்ந்துகொண்டது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வைகாசியில் மகள் பிறந்தாள். இரண்டே முக்கால் கிலோ. தராசைப் பார்த்துவிட்டு நர்ஸ் இரண்டாம் தரம் சத்தமாகச் சொன்னார், அத்தை கேட்டுக்கொண்டதால். அழுகையும் பலம்தான், சத்தம் போட்ட சோற்றில் வளர்ந்தவள் அல்லவா!

மறுநாள் மத்தியானம் எல்லோரும் அறையில் இருந்தார்கள். குழந்தையைத் துணியில் சுற்றி என் மடியில் வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் குனிந்து அதன் உச்சியை மோந்து பார்த்துவிட்டு நிமிரும்போது ஒரே மாதிரி மயங்கிப் போய் நிமிர்ந்தார்கள். அத்தனை பேருக்கும் கிடைக்கிறது. பெற்றவளுக்குக் கிடைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, சிரித்த முகமாகக் கேட்டேன்.

"எப்படி இருக்குப்பா? வாசம்?"

அப்பா யோசித்தார். "பால் சுண்டி, இறக்குறதுக்குச் செத்த நேரம் முன்னாடி ஒண்ணு வருமே, அதான்."

"அது எப்படி?" என்றார் அத்தை. என்னிடம் அல்ல. நேரே அப்பாவைப் பார்த்து. "சம்பந்தி, உங்களுக்கு உலகத்துல எதை மோந்தாலும் பாலுதான். இது புது நெல்லை அவிச்சு இறக்கும்போது வர்ற வாசம். நல்லா மோந்து பாருங்க."

"நான் நாப்பது வருசமா மோந்து பார்த்துத்தான் சட்டி இறக்குறேன். எனக்குத் தெரியாதா? இது பாலுதான்."

"நெல்லு."

"பாலு."

இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்தார்கள். மகள் கண்ணைத் திறந்து இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்த கணவரை நியாயம் சொல்லக் கூப்பிட்டார்கள். அவர் நிதானமாகக் குனிந்து மோந்து பார்த்தார்.

"பஞ்சு" என்றார். "பொதியைப் புதுசாப் பிரிச்சா வரும் பாருங்க, காத்தோட கலந்து, அது."

"ஒருத்தருக்கும் மூக்கு சரியில்ல!" என்றார் அவரோடு பஸ்ஸில் வந்திருந்த அக்கா. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தானும் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது எந்தப் பெயரும் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

"நீ பாரு அம்மாயி."

"எனக்கு எங்கக்கா..."

"பாருன்னா பாரு."

குழந்தையைத் தூக்கி உச்சியை முகத்தோடு வைத்துக்கொண்டேன். கார்த்திகையில் துண்டைக் கட்டி உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. முடி என் உதட்டில் பட்டது. எலும்பு இன்னும் மூடாத இடத்தில், மெல்லிய தோலுக்குக் கீழே, துடிப்பு எழுந்து எழுந்து அடங்கியது.

"சூடா இருக்கு" என்றேன்.

இந்தத் தடவை அக்கா, "வாசன சொல்லு" என்று கேட்கவில்லை. முந்தானையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் ஆகிவிட்டன. மூக்கு இன்னும் வரவில்லை. எப்போதாவது, புகை மாதிரி, இன்னதென்று தெரியாத ஒன்று வந்து தொட்டுவிட்டுப் போகிறது. மகளுக்கு மூக்கு கூர்மை. "அம்மா, பால் பொங்குது" என்று அடுத்த அறையிலிருந்து கத்துவாள். நெல்லா பாலா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை. சம்பந்திகள் இப்போது நேரடியாகவே சண்டை போடுகிறார்கள்.

அன்றைக்கு அந்த அறையில் நான் குழந்தையை இறக்கவே இல்லை. அத்தைதான் கடைசியில் வந்து வாங்கிக்கொண்டார். பத்தியச் சாப்பாடு; அப்பளமும் மாங்காயும் கூடாத நேரம். ஆனால் தட்டின் ஓரத்தில் பூண்டை நெய்யில் கருகாமல் முறுக வறுத்து ஒரு கை வைத்திருந்தார்.

"சோறு ஆறுது. தின்னுட்டி" என்றார்.

கடித்தேன். நறுக்கென்றது.